உக்கும் படலங்களிற் பழத்தோல் சேர்த்தல்: கமக்காரர் சிந்தனைக்கு

பனம்பழக் காலத்தில் வடபகுதிக் கிராமங்களிற் பனாட்டு இடுவதைக் கமக்காரர் பலர் அறிவர். பழுத்த பனம்பழத்தைப் பிசைந்து, தும்பை நீக்கிப் பெற்ற களியைப் பாயின்மேல் மெல்லியதாகப் பரப்பி வெயிலிற் காயவிடுவர். ஒரு படை உலர்ந்தபின் அதன்மேல் மற்றொரு படை பரப்பப்படும். இவ்வாறு பல நாட் செய்தபின், உலர்ந்த களி பாயினின்றும் தோல்போல உரிந்து வரும். நீரை இழந்த களி ஏன் மாவாக உதிர்ந்துவிடாமல் வளையும் தோலாக மாறுகின்றது என்று நம்முள் எவரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருந்ததில்லை. உண்பதற்குச் சுவையாயிருந்தது, அவ்வளவே.

அவ்வாறு தோலாக மாறுவதற்குப் பெருங் காரணம் பழத்திலுள்ள பெக்ரின் என்னும் பொருளாகும். பிரான்சு நாட்டு இரசாயனவியலாளரான அன்றி பிரக்கோனோ என்பவர் 1825ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்து இப்பெயரை இட்டார். பழப்பாகு உறைவதும் இப்பொருளாலேயே. பெக்ரினின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள் போன்றவை. நீர் நீங்கும்போது அவை ஒன்றோடொன்று பின்னிப் படலமாகின்றன. மரவள்ளிக் கிழங்கின் மாவைக் காய்ச்சிப் பசையாக்கித் தட்டிற் பரப்பினாலும் இதே செயல் நிகழும். அங்கே சங்கிலிகளாயிருப்பவை மாப்பொருளின் மூலக்கூறுகள்.

இன்று பல நாடுகளின் ஆய்வுகூடங்களிற் பழத்திலிருந்து படலம் செய்யும் முயற்சி, அடிப்படையில், நம் முற்றத்துப் பனாட்டுக்கு வெகு தூரத்தில் இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களத்துக்குரியதாய்க் கலிபோர்னியாவின் அல்பனி நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் 1990களிற் பழக்களியிலிருந்து உண்ணத்தக்க படலங்கள் ஆக்கப்பட்டன. பிரேசில் நாட்டு விவசாய ஆராய்ச்சித் தாபனமாகிய எம்பிராப்பாவும் பப்பாசி முதலியவற்றிலிருந்து இத்தகைய படலங்களைச் செய்து காட்டியுள்ளது. ஆயினும் பழக்களி மனிதர்க்கு உணவு. அதனைப் பொதி சுற்றும் படலமாக்குதல் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே ஆராய்ச்சியாளர் பலர் தோல், சக்கை, விதை என்னும் கழிவுகளின்மேற் கண் வைத்துள்ளனர். அவற்றை உலர்த்திப் பொடியாக்கியோ, அவற்றின் சாரத்தைப் பிழிந்தெடுத்தோ, உக்கும் படலங்களில் ஒரு சேர்மானமாக இடுகின்றனர்.

இது கமக்காரருக்கு நன்மை தருமா என்பதே இப்பிரசுரத்தின் பொருள். எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பழத்தோல் சேர்த்த படலம் சில வேலைகளுக்குப் பயனுள்ளது. ஆனால் பழத்தோல் சேர்ந்த காரணத்தால் மட்டும் எப்படலமும் உக்காது. உக்குவதும் உக்காததும் படலத்தின் அடிப்பொருளைப் பொறுத்தவை. இதனை மறந்து, பழத்தின் படம் அச்சிட்ட சுருளை வாங்கி நிலத்தில் விரிப்போர் தம் மண்ணையே பணயம் வைப்பவராவர்.

பொலித்தீன் 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்டது. கென்றக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமெரி எமெற் என்பவர் 1948இற் கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக்குப் படலம் போர்த்த பயிர்க்கூடமொன்றை அமைத்தார். அதனையடுத்துப் பயிரடியில் அதனை விரிக்கும் வழக்கமும் பரவியது. இலங்கையிலும் மிளகாய், வத்தகை, தக்காளி முதலியவற்றைக் கரிய பொலித்தீன் விரிப்பின் மேற் செய்வோர் உளர். அதன் நன்மைகளை மறுப்பது நேர்மையன்று. விரிப்பின் கீழ்க் களை தலையெடாது. மண்ணின் ஈரம் விரைவில் வற்றாது. மழைத்துளி தெறித்து மண் இலையில் ஒட்டுவது குறையும். களை பிடுங்கும் கூலி மிஞ்சும். கூலியாள் கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் இந்த நன்மை சிறிதன்று.

அதன் கணக்கை ஒருமுறை பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீற்றர். இதில் நூற்றுக்கு 60 பங்கை மட்டும் விரிப்பு மூடுவதாகக் கொள்வோம். விரிப்பின் தடிப்பு 25 மைக்ரோன் ஆயின், அதன் எடை சுமார் 55 கிலோகிராம் ஆகும். ஆண்டில் இரு தடவை புதுவிரிப்பு இடுவோர் 110 கிலோகிராம் பொலித்தீனைத் தம் நிலத்துக்குக் கொண்டுவருகின்றனர். பயிர் முடிந்தபின் இதனை முற்றாக உரித்தெடுக்க இயலுமா? பத்தில் ஒரு பங்கு கிழிந்து மண்ணிலே தங்கினாற்கூட, பத்தாண்டுகளில் அது 100 கிலோகிராமுக்கு மேலாகிவிடும்.

பல போகமாகப் பொலித்தீன் விரித்து மிளகாய் செய்த காணியொன்றை இதனை எழுதுபவர் பார்வையிட்டதுண்டு. மண்வெட்டி விழுந்த ஒவ்வொரு கொத்திலும் கரிய நாடாக்கள் கிளம்பின. “பொறுக்கிப் பொறுக்கிக் கை சலித்துவிட்டது, ஐயா. இனி உழவு இயந்திரம் மண்ணோடு கலக்கட்டும் என்று விட்டுவிட்டோம்” என்றார் காணிக்காரர். வரம்போரத்தில் முன்பு பொறுக்கியதை எரித்த கரிய கட்டியொன்று கிடந்தது. பொலித்தீன் வெயிலில் நொறுங்குமேயன்றி உக்காது. நாடா துணுக்காகும், துணுக்கு கண்ணுக்குத் தெரியாத தூளாகும், தூள் மண்ணிலேயே இருக்கும். நீர் இறங்கும் வழியையும் வேர் ஓடும் வழியையும் அது மறிக்கும். பெரிய துண்டைப் பொறுக்கலாம்; தூளைப் பொறுக்குவார் எவருமிலர்.

ஆகவே உக்கும் விரிப்பை நாடுவது இயல்பே. அங்கேதான் ஒரு மயக்கம் குறுக்கிடுகின்றது. கடையில் ஒரே பெயருடன் விற்கப்படும் படலங்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவையல்ல. மரவள்ளி அல்லது சோளத்தின் மாப்பொருளை அடிப்பொருளாகக் கொண்டவை சில. மாப்பொருளோடு, நுண்ணங்கிகள் உண்ணத்தக்க ஒருவகைப் பொலியெசுத்தரைக் கலந்தவை சில. ஐரோப்பாவில் வயல்களில் விரிக்கப்படும் உக்கும் விரிப்புகளிற் பல இவ்வினத்தவை. வெல்லத்தை நொதிக்கச் செய்து பெறும் இலற்றிக்கமிலத்திலிருந்து ஆக்கப்பட்டவை இன்னுஞ் சில. இவை சுமார் 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள பெரிய கூட்டெருத் தொழிற்சாலைகளிலே விரைவாக உக்கும். சாதாரண தோட்ட மண்ணிலோ மிக மெதுவாகவே உக்கும். கடைசி இனம் சாதாரண பொலித்தீனேதான். அது விரைந்து நொறுங்கும்படி ஓர் உலோக உப்பை அதனுட் கலந்திருப்பர். அதனை வாங்குவோர், சில மாதங்களில் விரிப்பு மறைந்துவிட்டது கண்டு மகிழ்வர். மறைந்தது கண்ணினின்றும் மட்டுமே, மண்ணினின்றும் அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் இவ்வினப் பிளாஸ்ரிக்குப் பொருள்களை 2021 யூலை 3ஆந் தேதி முதல் தன் சந்தையினின்றும் விலக்கியது.

இப்போது பொலித்தீனிலே வாழைத்தோற் பொடியைக் கலந்தால் யாது நிகழும்? நுண்ணங்கிகள் வாழைத்தோலை உண்ணும், பொலித்தீனை விட்டுவிடும். தோல் இருந்த இடம் துளையாகும். படலம் விரைவிற் கிழியும். மாப்பொருளைப் பொலித்தீனிற் கலந்து விற்ற பழைய முயற்சிகளும் இவ்வழியே சென்று பெயரிழந்தன. ஆகையால் பழத்தோல் இருக்கின்றதா என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வி, அது எதனுட் கலக்கப்பட்டது என்பதே.

அடிப்பொருள் நல்லதாயின், பழத்தோல் அதிற் செய்யும் வேலை பாராட்டத்தக்கது. மரவள்ளி மாப்பொருளாலான படலத்தை எடுத்துக்கொள்வோம். தனியே காய்ச்சி உலர்த்தினால் அது அப்பளம்போல முறியும். வளைவதற்காகக் கிளிசரின் சேர்க்கப்படும். கிளிசரின் சேர்ந்தால் அது வளையும். ஆனால் இழுவைக்கு வலிமை குன்றும். இங்கே நன்கு மாவாக அரைத்த தோற் பொடியைச் சிறிதளவு சேர்த்தால், அதிலுள்ள நார் களிமண் சுவரில் வைக்கோல் நிற்பதுபோல நின்று படலத்தைத் தாங்கும். “சிறிதளவு” என்ற சொல்லைக் கவனிக்க. அளவு மிஞ்சினால் நார்த் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து கட்டியாகிப் படலம் அவ்விடத்திலேயே கிழியும். அரைப்பு கரகரப்பாயிருந்தாலும் இதே குறை நேரும். நல்ல பலன் பெரும்பாலும் நூற்றுக்குச் சில பங்கு சேர்க்கும்போதே கிடைக்கின்றது. கழிவு மலிவானது என்பதற்காக அள்ளிக் கொட்டுவதற்கு இது எருக்குழியன்று.

தோலின் துவர்ப்பும் பயனுடையது. வாழைக்காயை வெட்டும்போது கையிற் படியும் கறை, மாங்கொட்டைப் பருப்பின் துவர்ப்பு, மாதுளையின் வெளித்தோற் கசப்பு ஆகிய யாவும் பொலிபீனோல் என்னும் பொருட் கூட்டத்தால் வருபவை. ஒட்சிசன் தாக்கிப் பொருள் கெடுவதை இவை தாமதிக்கச் செய்யும். கொழுப்புள்ள பண்டத்தை இத்தகைய படலத்திற் பொதிந்தால் காறல் வாடை வருவது பிந்தும். சூரிய ஒளியின் புறஊதாக் கதிரையும் இவை ஓரளவு விழுங்கும். சில பங்கசுகளின் வளர்ச்சியையும் இவை தடுக்கும். பொதி செய்யும் படலத்துக்கு இது நன்மை. நிலத்தில் உக்கவேண்டிய விரிப்புக்கோ, பங்கசைத் தடுப்பது எந்நேரமும் நன்மையாகிவிடாது. உக்கலைத் தொடங்கி வைப்பவற்றுட் பங்கசும் ஒன்றல்லவா?

நிறத்தையும் கூறவேண்டும். நாவற்பழத் தோலின் ஊதா நிறச்சாயம் புளித்தன்மையிற் சிவக்கும். காரத்தன்மையில் நீலமாகிப் பச்சைக்கும் திரும்பும். மீன் பழுதாகும்போது காரத்தன்மையுள்ள ஆவி எழும். இச்சாயம் சேர்த்த படலத் துண்டொன்றை மீன்பொதியினுள் வைத்தால், பழுதை மூக்கு அறியுமுன் கண் அறியக்கூடும். ஆய்வுகூடங்களில் இது செய்து பார்க்கப்பட்டுள்ளது. நாவல் மரத்தடியில் உதிர்ந்து வீணாகும் பழத்துக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்பது வியப்பே. நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் இதனால் உடனடிப் பயன் இல்லையாகையால் இவ்வளவில் விடுகின்றோம்.

பழத்தோல் நீக்காத குறை ஒன்றுண்டு. மாப்பொருளும் பெக்ரினும் நீரை விரும்புபவை. மழையில் அவை ஊறித் தளரும். தோலிலே எஞ்சிய வெல்லம் இக்குறையைக் கூட்டவே செய்யும். நன்றாகக் கழுவாத தோலைச் சேர்த்த படலம் பிசுபிசுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மாரிமழைக்கு முன் விரித்த வெறும் மாப்பொருள் விரிப்பு, கன்று வேரூன்றுமுன் கூழாகிவிடும். மறுபுறத்தில், வறண்ட காலத்தில் நீர் படாத மண்ணிற் கிடக்கும் துண்டோ நெடுநாள் அப்படியே கிடக்கும்; உக்குதற்கும் ஈரம் வேண்டும். மேலும், தோற் பொடியால் வரும் மண்ணிறம் களையைத் தடுக்கப் போதாது. ஒளி ஊடுருவினாற் களை விரிப்பின் கீழேயே வளர்ந்து அதனைத் தூக்கும். இதனாலேயே உக்கும் விரிப்புகளுக்கும் கரிநிறம் ஊட்டுகின்றனர்.

பழக்கழிவுப் பிரச்சினை முழுவதையும் இப்படலங்கள் தீர்த்துவிடும் என்று பேசுவோர்க்கும் ஒரு கணக்கு உண்டு. முன் கூறிய அதே ஏக்கருக்கு 15 மைக்ரோன் தடிப்புள்ள உக்கும் விரிப்பு சுமார் 46 கிலோகிராம் வேண்டும். அதில் நூற்றுக்கு 10 பங்கு தோற் பொடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது 4.6 கிலோகிராம். வாழைத்தோலில் நூற்றுக்கு 85 பங்கு நீர் எனக் கொண்டால், இதற்கு வேண்டிய பச்சைத்தோல் சுமார் 30 கிலோகிராம். பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தோல். எனவே ஓர் ஏக்கர் விரிப்புக்கு ஏறக்குறைய 100 கிலோகிராம் பழத்தின் தோல் போதும். தம்புள்ளை போன்ற பொருளாதார மத்திய நிலையங்களிற் சந்தை கலைந்தபின் கிடக்கும் குவியலைக் கண்டவர்கள், அதில் இது எம்மாத்திரம் என்பதைத் தாமே அறிவர்.

அக்குவியல் வேறு வகையானது என்பதையும் மறத்தலாகாது. சந்தையிற் கிடப்பது அழுகல். நசுங்கிய தக்காளி, கனிந்து சிதைந்த பப்பாசி, வெட்டிய கோவாத் தழை, சணற்கயிறு, மண், பொலித்தீன் ஆகிய யாவும் அதிற் கலந்திருக்கும். படலத்துக்கு வேண்டியது அழுகலன்று. ஓரின மரத்தின், அன்றன்று உரித்த, சுத்தமான தோல். அது கிடைக்கும் இடம் பழச்சாறு பிழியும் சாலை, பழப்பாகு செய்யும் சாலை, அன்னாசியை வெட்டித் தகரத்தில் அடைக்கும் சாலை, பலாச்சுளை பிரிக்கும் கொட்டகை ஆகியன. சந்தை அழுகலுக்குரிய இடம் கூட்டெருக் குவியலே. தோட்டத்தில் உதிர்ந்து அழுகும் பழத்தை எவருக்காகவும் காத்து வைத்திருத்தலாகாது. அதிற் பழ ஈ பெருகும். அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும்.

2017 ஏப்பிரல் 14ஆந் தேதி கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆந் தேதி முதல் உணவு பொதியும் பொலித்தீன் முதலியவற்றுக்குத் தடை வந்தது. அக்குப்பை ஏன் மலையாயிற்று? உக்கும் பொருளும் உக்காப் பொருளும் பிரிக்கப்படாமல் ஒன்றாகக் கிடந்தமையும் அதற்கொரு காரணம். பழத்தோலைப் பொலித்தீன் பையிற் கட்டி எறிந்தால் தோலும் கெடும், பையும் கெடும். இன்று பழத்தோலைப் பொலித்தீனுக்குள்ளேயே அரைத்துக் கலந்து, அதற்குப் பச்சை நிறப் பெயரிட்டு விற்பதும் அதே செயலின் நுண்ணிய வடிவமன்றி வேறன்று.

தோலைக் கேட்டு எவரேனும் கிராமத்துக்கு வருவாராயின், கமக்காரர் சங்கங்கள் பேசவேண்டிய முறை ஒன்றுண்டு. வாழைத்தோலிற் பொற்றாசியம் மிகுதியாயுண்டு. இன்று அது கூட்டெருவாகித் தோட்டத்துக்குத் திரும்புகின்றது. நாளை வண்டியேறிப் போனால் அந்தப் பொற்றாசியத்தை விலை கொடுத்துப் பையில் வாங்க நேரிடும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது சேதனப் பசளைக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்தது என்பதைக் கமக்காரர் மறந்திரார். ஆகவே தோல் விற்பனைக்குரிய கழிவு என்று எண்ணாமல், தோட்டத்துக்குரிய பசளை என்றே முதலில் எண்ணுதல் வேண்டும். அப்பசளையின் பெறுமதிக்கும், கழுவி உலர்த்தும் கூலிக்கும் மேலாக விலை கிடைக்குமாயின் விற்கலாம். 100 கிலோகிராம் பச்சை வாழைத்தோல் உலர்ந்தபின் 15 கிலோகிராம் அளவே தேறும் என்பதை மனத்திற் கொண்டு விலை பேசுக. வடக்கிலே மாம்பழக் காலம் நல்ல வெயிற் காலமாயிருப்பது ஒரு வாய்ப்பு. விறகோ மின்சாரமோ எரித்து உலர்த்தினால் ஊதியத்தின் பெரும்பகுதி அடுப்பிலே போய்விடும்.

நம் தோட்டத்தில் இப்படலங்களுக்கு இடம் எங்கே? எமது எண்ணத்தில், விரிப்பைவிட நாற்றுப் பைக்கே முதலிடம். கன்று வளர்க்கும் சிறு கரிய பைகள் நட்டபின் வேலியோரத்திற் சிதறிக் கிடப்பதை எங்கும் காணலாம். பாகல், புடோல், பூசணி, பப்பாசி ஆகியவற்றின் கன்றுகள் வேர் குழம்பினால் வாடுபவை. பையைக் கிழிக்கும்போது வேர் அறுவதும் உண்டு. மாப்பொருளும் பழத்தோலும் சேர்ந்த தடித்த படலத்தாற் செய்த பை, நாலைந்து வாரம் நிழலில் அளவாக நீர் ஊற்றத் தாங்கினாற் போதும். அதன்பின் பையோடு நடலாம். அங்கே விரைந்து உக்குவது குறையாகாமற் குணமாகின்றது. மழையிற் கூழாகும் அச்சமும் அங்கே குறைவு. தோலிலுள்ள சிறிதளவு சத்தும் வேரடியிலேயே சேரும். ஆராய்ச்சியும் பணமும் முதலில் இத்திசையிற் செல்லுதல் நன்று.

நிலம் மூடுவதற்கோ, நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் ஒரே ஊரில் வாழும் நம் நாட்டில், வைக்கோலைத் தாண்டி வேறொன்றைத் தேடுமுன் சற்று நின்று யோசித்தல் தகும். சூடு மிதித்த களத்தில் வைக்கோலை எரிப்பவரும், அடுத்த காணியிற் பொலித்தீன் சுருளுக்குப் பணம் கட்டுபவரும் அயலவராயிருப்பதை நாம் காண்கின்றோம். வைக்கோல் மூடுபடை களையை முற்றாகத் தடாது. கறையான் வருமென்று அஞ்சுவோரும் உளர். ஏற்றி இறக்கக் கூலியும் உண்டு. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் போகம் முடிந்தபின் அதனைப் பொறுக்கியெடுக்க எவரும் குனியவேண்டியதில்லை. பெரிய பரப்பில் வத்தகையும் மிளகாயும் செய்து, வைக்கோல் போதாதவர்கள் உக்கும் விரிப்பை நாடலாம். அவர்கள் வாங்குமுன் விற்பவரிடம் கேட்கவேண்டியவற்றை இங்கே கூறுவோம்.

அடிப்பொருள் யாது? தடிப்பு எத்தனை மைக்ரோன்? சேர்மானம் யாது, நூற்றுக்கு எத்தனை பங்கு? எந்த மண்ணில், எத்தனை பாகை வெப்பத்தில், எத்தனை மாதத்தில் உக்கியது? ஐரோப்பாவில் உக்கும் வயல் விரிப்புகளுக்கென 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட நியமம், ஆய்வுகூட மண்ணில் 2 ஆண்டுக்குள் விரிப்பின் காபனில் நூற்றுக்கு 90 பங்கு காபனீரொட்சைட்டாக மாறவேண்டுமென விதிக்கின்றது. துண்டாதல் அங்கே கணக்கில் எடுக்கப்படுவதில்லை. நுண்ணங்கி உண்டு மூச்சாக விட்டதே கணக்கு. இவ்விடைகள் சுருளின்மேல் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்படல் வேண்டும் என்பது எமது கருத்து. “உக்கும்” என்ற ஒரு சொல்லை மட்டும் அச்சிட்டு விற்பதற்கு இடமளித்தலாகாது. பசளைப் பையின்மேற் சத்துக்களின் வீதம் இல்லாவிடின் நாம் வாங்குவதில்லை. நம் மண்ணிற் பல போகம் கிடக்கப்போகும் பொருளுக்கு மட்டும் ஏன் சலுகை?

அச்சிட்டதையும் அப்படியே நம்பாமற் சோதித்தறிய எளிய வழியுண்டு. கமக்காரர் சங்கமோ ஊர்ப் பாடசாலையோ இதனைச் செய்யலாம். முதலிற் படலமொன்றை நீங்களே ஆக்குக. மரவள்ளி மா 10 கிராமை 200 மில்லிலீற்றர் நீரிற் கரைத்துக் கிளிசரின் 3 கிராம் சேர்க்க. வெயிலில் உலர்த்தி மாவாக அரைத்துத் துணியிற் சலித்த வாழைத்தோற் பொடி அரைக் கிராம் இடுக. மெல்லிய சூட்டிற் கிளறிக் கொண்டேயிருந்தால் பால்போன்ற கரைசல் கண்ணாடிபோலத் தெளிந்து தடிக்கும். உடனே இறக்கி, எண்ணெய் பூசாத வழுவழுப்பான தட்டிற் பரப்பி, நிழலில் ஓரிரு நாள் உலரவிடுக. பனாட்டைப்போலவே உரிந்து வரும். இரண்டாவது தட்டிற் பொடியை 3 கிராமாக்கிப் பாருங்கள். “சிறிதளவு” என்று மேலே கூறியதன் பொருள் கையிலே புலப்படும்.

பின்னர் இப்படலத்தில் ஒரு துண்டு, கடையில் வாங்கிய உக்கும் விரிப்பில் ஒரு துண்டு, சாதாரண பொலித்தீனில் ஒரு துண்டு ஆகிய மூன்றையும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி நைலோன் வலைப்பையில் இட்டு, பயிர் செய்யும் மண்ணில் அரை அடி ஆழத்திற் புதைத்து அடையாளக் கம்பு நாட்டுக. பயிருக்கு நீர் இறைக்கும்போது அவ்விடத்துக்கும் இறைக்க. நீங்கள் செய்த படலம் சில வாரங்களில் இருந்த இடம் தெரியாமற் போகும்; பொலித்தீன் கழுவினாற் புதிதுபோலிருக்கும். கடைத்துண்டை மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் எடுத்துப் பாருங்கள். வலையினுள்ளே செதில் செதிலாகக் கிடந்து, அச்செதில்கள் ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டு தொகையிற் கூடிவருமாயின் ஐயுறுக. நெருப்பில் எரித்துப் பார்ப்பதை மட்டும் நம்பவேண்டாம். உக்கும் பொலியெசுத்தரும் பொலித்தீனைப்போல உருகும். வலைப்பையில் எஞ்சியதை எறிந்துவிடாமல், புதைத்த தேதியும் எடுத்த தேதியும் எழுதிக் கட்டி, சுருளின் மேலுறையோடு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள்.